முப்பத்தொரு பாயிண்ட்

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு அவள் புது வீட்டின் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, உள்ளே எலெக்ட்ரீஷியன் யாரிடமோ பலமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஆறு மணியிலிருந்து ஊசியும் கையுமாக நின்றவள், ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி, "என்னம்மா, என் கையில எம்ப்ராய்டரி போடறியா?" என்று பேச்சு வாங்கியிருந்தாள். பத்து வருஷத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

திங்கட்கிழமையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோயிற்று. எல்லாவற்றுக்கும் காரணம் அவள் கணவன் நோட்டில் எழுதிவைத்த ஒரு வரி.

என்ன நோட்டு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு அவர்களுடைய நேரக் கணக்கைச் சொல்ல வேண்டும். அவன் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவு. இரவு பத்து மணி ஷிஃப்ட். ஒன்பதே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்புவான். அதற்குள் அவள் ஐந்தரைக்கே போயிருப்பாள். துணி துவைத்து, கடைக்குப் போய்வந்து, பத்தரை வாக்கில் அவன் படுப்பான். மதியம் அவள் திரும்பும்போது நல்ல தூக்கத்தில் இருப்பான். மாலை ஆறரைக்கு எழுவான். எட்டு மணிக்கு அவள் படுத்துவிடுவாள், விடிகாலை நாலரைக்கு எழ வேண்டுமே. ஆக, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண் விழித்திருப்பது நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். அதில் அரை மணி அவன் குளியலறையில். வார விடுமுறையாவது ஒன்றாக வருமா என்றால், அவளுக்கு ஞாயிறு, அவனுக்குச் செவ்வாய். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து எட்டு வருஷமாக இதே கதைதான்.

அதனால்தான் நோட்டு. குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு பேனாவோடு கிடக்கும். 'நீலச் சட்டைக்குப் பட்டன் தைச்சாச்சு.' 'குழாய் சொட்டுது, வாளியை எடுக்காதே.' 'உங்க அக்கா போன் பண்ணாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.' இப்போது ஓடுவது ஒன்பதாவது நோட்டு. சொந்தக்காரர்கள் நடுவில் இவர்களுக்கு நல்ல பெயர். "உங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்லையாமே! கொடுத்து வச்சவ நீ" என்பாள் அவளுடைய அண்ணி. "சண்டை போட நேரம் எங்க அண்ணி இருக்கு?" என்று இவளும் சிரித்து வைப்பாள். முதல் நான்கைந்து வருஷம் அது நல்ல ஜோக்காகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவன் எழுதியிருந்தது இது: 'பகல் ஷிஃப்ட் தர்றேன்னு சூப்பர்வைசர் சொல்றார். காலைல ஏழுல இருந்து நாலு. வெள்ளி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். நீ என்ன சொல்ற? பால் தீர்ந்துபோச்சு.'

அவள் அதன் கீழே எழுதினாள்: 'பால் வாங்கியாச்சு.'

அவ்வளவுதான். செவ்வாய் அவனுக்கு விடுமுறை, மாலையில் கிளம்பும் அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் தரைக்கல் நிறத்தைப் பற்றி ஆரம்பித்து, ஏழரை வரைக்கும் அதையே பேசி, தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டாள். அவனும் கேட்கவில்லை. புதன்கிழமை கேஸ் சிலிண்டர் பற்றி எழுதினாள். வியாழக்கிழமை வாடகை வாங்க வீட்டுக்காரர் வந்துபோனதைப் பற்றி எழுதினாள். அந்த இரண்டு மாலையும் சமையல், துணி என்று நழுவினாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பேனா நகரவில்லை. வேண்டும் என்று எழுதப் போய், பேனாவை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். வேண்டாம் என்று எழுத நினைத்தால், ஒரு பெண் அப்படி எழுதுவாளா என்று தன்மேலேயே கோபம் வந்தது. அவன் ஐந்து மணிக்கு எழுகிறவன் அல்ல. நேற்று மதியம் அவன் தூங்கும்போது, நோட்டின் பக்கத்தில் கிடந்த அவன் கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறானா என்று திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டாள், வைக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அவன் தூக்கத்திலேயே ஐந்து மணி தாண்டிப் போய்விடும். யாரும் வேண்டாம் என்று சொன்னதாகவும் இருக்காது. அதுதான் அவளைப் போட்டுப் பிசைந்தது.

"வாங்க தங்கச்சி, வாங்க" என்று எலெக்ட்ரீஷியன் வெளியே வந்தார். ஐம்பது வயது மனிதர். காதில் பென்சில், கையில் சாக்குக் கட்டி. சட்டென்று எரிந்து விழுவார், அடுத்த நிமிஷம் சரியாகிவிடுவார் என்பதால் வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் அவருக்கு வைத்த பெயர் ஃபியூஸ். அவருக்கும் அது தெரியும். யாராவது கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

"என்னண்ணே, சிரிப்பு பலமா இருக்கு?"

"உங்க வீட்டு லைட்டைப் பத்தித்தான். கொத்தனாருக்குக் காட்டிட்டு இருந்தேன்."

கொத்தனார் கவிழ்த்துப் போட்ட இரும்புச் சட்டியின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சில்லாத மனிதர். தலையை மட்டும் ஆட்டினார்.

"நாளைக்குக் காலைல இவர் பூச ஆரம்பிக்கிறார். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் சுவரை வெட்டி பைப்பும் பாக்ஸும் பதிச்சாகணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நடந்து பாத்துடலாம்னுதான் வரச் சொன்னேன். பூசினப்புறம் வந்து, அண்ணே அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"தெரியும்ணே. எல்லாம் யோசிச்சுத்தான் எழுதிக் கொடுத்தோம்."

யோசித்துத்தான் எழுதினார்கள். அதில் குறை சொல்ல முடியாது. நோட்டில் இடது பக்கம் அவன், வலது பக்கம் அவள். எந்த இடத்தில் என்ன விளக்கு, என்ன ஸ்விட்ச் வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதை எழுத, ஒரு வாரத்தில் இரண்டு பக்கமும் நிரம்பின. அவள் அதைப் படம் எடுத்து எலெக்ட்ரீஷியனுக்கு அனுப்பிவைத்தாள். அவர் கூட்டிப் பார்த்து முப்பத்தொரு பாயிண்ட் என்று சொன்னார். இந்த அளவு வீட்டுக்கு அது அதிகம் என்றும் சொன்னார்.

சுவர்கள் இன்னும் வெறும் செங்கல்லாக நின்றன. அங்கங்கே சாக்குக் கட்டியால் சதுரங்களும் அம்புக்குறிகளும். வாசற்படி உள்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு வட்டம்.

"இது மாப்பிள்ளை எழுதினது. செருப்பு தேடறதுக்குக் கால் பக்கத்துல சின்ன லைட்டு." தங்கச்சி என்று கூப்பிட்ட பிறகு அவள் புருஷனை மாப்பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. "அங்கேருந்து நடை. இதுலயும் கால் பக்கத்துல ரெண்டு. சமையல் மேடைல உங்க லைட்டு, அலமாரிக்கு அடியில மறைவா. அலமாரிக்குள்ள ஒண்ணு. துணி பீரோவுக்குள்ள ஒண்ணு, கதவைத் தொறந்தா எரியணும், மூடினா அணையணும். குளியலறைல கண்ணாடிக்கு மேல ஒண்ணு, வெளிச்சம் வெளியே வராத மாதிரி. ஸ்விட்ச் எல்லாம் சத்தம் வராத ரகம் வேணும்னு ரெண்டு பேருமே எழுதியிருக்கீங்க. ரெண்டு தடவை அடிக்கோடு வேற." அவர் நின்று அவளைப் பார்த்தார். "நான் கொத்தனார்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? இது வீடா, சினிமா தியேட்டரா? இருட்டுல வந்து, படிப்படியா லைட்டைப் பாத்து நடந்து, சத்தம் போடாம சீட்டுல உக்காந்துக்கணும் போல இருக்குன்னேன்."

கொத்தனாருக்குப் புரையேறியது.

அவளுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஒருத்தர் தூங்கறப்ப இன்னொருத்தர் நடமாடணும்ணே. எங்க வேலை அப்படி."

"சரி, தூங்கட்டும். வேண்டாங்கல. இங்க வாங்க." அவர் கூடத்தின் நடுவில் போய் நின்றார். கையை அகல விரித்து ஒரு சுற்றுச் சுற்றினார். "இங்க என்ன இருக்கு?"

"கூடம்."

"கூடம்னு எனக்கும் தெரியும். லைட்டு எங்க?"

அவள் சுவர்களைப் பார்த்தாள். வாசலோரம் கால் விளக்கு. மூலையில் நாற்காலிக்கு என்று அவன் எழுதிய படிக்கும் விளக்கு, குடை போட்டது, ஒரு ஆளுக்குப் போதுமானது. எதிர் மூலையில் அவள் துணி மடிக்க என்று எழுதிய இன்னொன்று, அதுவும் குடை போட்டது. தளம் போட்டபோது உத்தரத்தில் மின்விசிறிக்கு மட்டும் பெட்டி பதித்திருந்தார்கள். நான்கு சுவரிலும் வேறு குறி எதுவும் இல்லை.

"முப்பத்தொரு பாயிண்ட்டு" என்றார் எலெக்ட்ரீஷியன். "பீரோவுக்குள்ள கூட லைட்டு இருக்கு. ஆனா ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கறதுக்கு இந்த வீட்டுல ஒரு லைட்டு இல்ல. இருபத்தெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். கூடத்துல லைட்டு மறந்த வீட்டை இப்பத்தான் பாக்கறேன்."

அவள் மின்விசிறிப் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"படுக்கை அறைலயும் அப்படித்தான். கட்டில் பக்கம் ஒரு ஸ்விட்ச்சுன்னு நீங்களும் எழுதியிருக்கீங்க, அவரும் எழுதியிருக்கார். நான் ஒண்ணுதான் குறிச்சேன். ஒரு ஆள் படுக்கற கட்டிலுக்கு ஒண்ணு போதுமே." சற்றுத் தயங்கிவிட்டு, குரலைத் தணித்தார். "தப்பா நினைக்காதீங்க தங்கச்சி. நீங்க ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கீங்களோன்னு நினைச்சுட்டேன். அப்படியும் சில வீடு உண்டு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே!" என்றாள் அவள். சொன்ன வேகம் அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

"அப்ப சரி. மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு, இங்க உக்காருவோம், இங்க படுப்போம்னு கையைக் காட்டுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"அவர் தூங்கிட்டு இருப்பார்."

"எழுப்புங்க."

"எட்டு வருஷத்துல எழுப்பினதே இல்லண்ணே."

"எட்டு வருஷமாவா?" எலெக்ட்ரீஷியன் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் டீ கிளாஸைப் பார்த்தார். "தங்கச்சி, எனக்கு ஊர்க்கதை வேண்டாம். நாலரைக்குள்ள குறி கொடுத்தா வெட்டறேன். இல்லைன்னா நீங்க எழுதின மாதிரியே பதிச்சுட்டுப் போறேன். அப்புறம் கூடத்துல மெழுகுவத்தி ஏத்திக்கங்க."

வாடகை வீடு பத்து நிமிஷத் தொலைவில், மாடியில் ஒரே பெரிய அறை. வழியில் அவள் மூன்று முடிவு எடுத்தாள், மூன்றையும் அழித்தாள். எழுப்பினால், மணி ஐந்தாகவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். விளக்குக்காக எழுப்பினேன் என்று சொன்னாலும், அந்தக் கேள்வி அங்கேதான் நிற்கும். எழுப்பாமல் விட்டால் எல்லாம் பழையபடி ஓடும். பழையபடி என்றால் என்ன மோசம்? ஒரு கடுஞ்சொல் உண்டா? ஒரு முகச்சுளிப்பு உண்டா? யோசித்துக்கொண்டே போனதில் தெருமுனையைத் தாண்டிப்போய், திரும்பி வர வேண்டியதாயிற்று.

படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவைத் திறக்கும்போது கீழ்ப்பக்கம் உரசாமல் இருக்க லேசாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும், தூக்கிப் பிடித்தாள். ஜன்னலில் கறுப்புத் துணி. அறை முழுக்கப் பிற்பகல் மூன்றேகால் மணியின் இருட்டு. அவன் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்து, காதில் பஞ்சோடு படுத்திருந்தான். ரொட்டி மாவின் மணம் எப்போதும்போல இருந்தது.

அவள் அடுப்புப் பக்கம் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போய் ஒரு டம்ளரை எடுத்து, தண்ணீர் குடிக்காமல் வைத்தாள். நோட்டை எடுத்தாள். 'புது வீடு வரைக்கும் வர முடியுமா? எலெக்ட்ரீஷியன் கூப்பிடறார்' என்று எழுதி, தாளைக் கிழித்து, அவன் தலையணை ஓரமாக வைத்துவிட்டு நின்றாள். நின்ற பிறகுதான் உறைத்தது. தூங்குகிற மனிதனுக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டு, அவன் படிக்கட்டும் என்று காத்திருக்கிறோம்! யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்?

சுவரில் டியூப் லைட் ஸ்விட்ச் இருந்தது. பகலில் அவள் அதைத் தொட்டதே இல்லை. இப்போது போட்டாள்.

விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு எரிந்தது. அவன் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"அப்ப தீயா?"

"இல்ல. கூடத்துல லைட்டு வைக்க மறந்துட்டோம்."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளை வெகு நேரம் பார்த்தான். காதிலிருந்து பஞ்சை எடுத்தான். "மறுபடி சொல்லு."

ஸ்கூட்டரில் அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். வெயில் பழக்கமில்லாத கண் கூசியதால், அவள் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை, "மணி என்ன?" என்று கேட்டான். "நாலு ஆகப் போகுது" என்றாள். அதற்குமேல் அவனும் போகவில்லை, அவளும் போகவில்லை.

எலெக்ட்ரீஷியன் தயாராக நின்றார். "வாங்க மாப்பிள்ளை. தூக்கத்தைக் கெடுத்துட்டோம். கேள்வி ரொம்பச் சின்னது. சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசற எடம் எது?"

கணவனும் மனைவியும் கூடத்தின் நடுவில் நின்று, விலாசம் தேடி வந்தவர்கள் போல நான்கு பக்கமும் பார்த்தார்கள்.

"ஜன்னல் பக்கம்" என்றான் அவன்.

"இந்த உள் சுவர் பக்கம்" என்றாள் அவள், அதே நேரத்தில்.

எலெக்ட்ரீஷியன் சாக்குக் கட்டியைக் கீழே இறக்கினார்.

"ஜன்னல் பக்கம் தெருச் சத்தம் வரும்" என்றாள் அவள்.

"வரட்டுமே. வருஷக்கணக்கா காதுல பஞ்சு வச்சுக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் சத்தம் கேட்டா ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆகும். காலைல இருந்து நூறு பேர் பேசறதைக் கேட்டுட்டு வரேன்."

"சரி, உன் சுவர்லயே வை. ஒரு நல்ல வெள்ளை டியூப் லைட்டா போடச் சொல்லு."

"டியூப் லைட்டா? வேண்டவே வேண்டாம். லேப்ல நாள் பூரா அதுக்கு அடியிலதான் நிக்கறேன். வீட்டுலயும் அதே வெள்ளையா? இதமா மஞ்சள் லைட்டு போடலாம்."

"மஞ்சளா?" அவன் குரல் சட்டென்று உயர்ந்தது. "ராத்திரி பூரா அடுப்பு முன்னாடி மஞ்சளைத்தான் பாத்துட்டு வரேன். கண்ணை மூடினாலும் மஞ்சள்தான் தெரியுது. வீட்டுல அது கூடாது."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இது எனக்குத் தெரியாதே."

"எனக்கு மட்டும் உன் லேப்ல என்ன லைட்டுன்னு தெரியுமா?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது? 'பால் வாங்கியாச்சு'க்குக் கீழயா?"

கொத்தனார் எழுந்து, அவசர வேலை இருப்பவர்போல மணல் குவியல் பக்கம் போனார். எலெக்ட்ரீஷியன் உத்தரத்தில் மின்விசிறிப் பெட்டியை ஆராயத் தொடங்கினார்.

"அதைத்தான் மனசுல வச்சுட்டு இருந்தீங்களா?" என்றாள் அவள்.

"பின்ன? திங்கக்கிழமை கேட்டேன். நாலு நாளா கேஸு, பாலு, வீட்டுக்காரர். செவ்வாக்கிழமை தரைக்கல்லு. கல்லைப் பத்தி மூணு மணி நேரம் பேசற மாதிரி ஒருத்தி பேசுவாளா?"

"மூணு மணி நேரம் ஏது? நீங்க முழிச்சதே ஆறரைக்குத்தான்!"

"பேச்சை மாத்தாதே."

"மாத்தல. அது நோட்டுல எழுதற விஷயமா? கேஸ் சொல்லியாச்சான்னு கேக்கற மாதிரி கேட்டு வச்சா நான் என்ன எழுதறது? வேணும்னு எழுதினா, அவ கேட்டாளேன்னு எனக்காக வாங்கிக்குவீங்க. வேண்டாம்னு எழுதினா, என்ன பொம்பள இவள்னு நினைப்பீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு அந்த வரியில எங்க இருந்தது?"

"நீ கேக்கவே இல்லையே."

"இப்பக் கேக்கறேன். உனக்கு என்னதான் வேணும்?"

நீங்க என்பது எங்கேயோ நழுவிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான், ஆனால் அதற்கு நேரம் இல்லாதவன்போல நின்றான். ஜன்னலுக்காக விட்டிருந்த திறப்பு வழியாக வெயில் அவன் பாதி முகத்தில் விழுந்தது. காதோரம் நரைத்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். மாலை ஆறரை மணி வெளிச்சத்தில் அது தெரிந்ததில்லை.

"பயமா இருக்கு" என்றான்.

"எதுக்கு?"

"எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல." செங்கல் தூளைக் காலால் தள்ளினான். "தினம் ஒண்ணரை மணி நேரத்துக்கு நான் நல்ல மனுஷன். கோபப்பட மாட்டேன், குறை சொல்ல மாட்டேன். அதுக்கு மேல எப்படின்னு எனக்கே தெரியாது. கூடவே இருந்து பாத்துட்டு, இவ்வளவுதானா இவன்னு நீ நினைச்சுட்டா?"

அவளுடைய வாக்கியத்தையே அவன் எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது. நாலு நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததும் அதுதான். மதியம் தனியாக இருக்கும் அந்த நாலு மணி நேரத்தில் அவள் என்னென்னவோ செய்வாள்: சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், யாரையாவது மனசுக்குள் திட்டுவாள், ஒரு காரணமும் இல்லாமல் அழுவாள். ஆறரைக்கு அவன் எழும்போது முகம் கழுவி, புதிதாக இருப்பாள். அந்த மீதிப் பெண்ணை அவன் பார்த்ததே இல்லை.

"அலாரம் வைக்கல நீங்க" என்றாள் மெதுவாக.

"வைக்கல. நீ எழுப்பினா எழுந்திருக்கலாம்னு விட்டுட்டேன்."

"எழுப்பாம இருந்திருந்தா?"

"தூங்கியிருப்பேன்."

அந்த ஒரு வார்த்தை அவளை உலுக்கியது. அவள் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தடவை நடந்தாள். கடைசியில் அவன் எதிரில் வந்து நின்று, யாரோ அதட்டியதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். "எனக்கு வேணும். பகல் ஷிஃப்ட். உங்களுக்காக இல்ல, எனக்காகத்தான் கேக்கறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் அப்படி ஒண்ணும் சண்டையே போடாத ஆள் இல்ல. இருந்தாலும் வேணும். போன் பண்ணுங்க."

"மணி என்ன?"

"நாலு நாப்பது" என்று உத்தரத்தைப் பார்த்தபடியே சொன்னார் எலெக்ட்ரீஷியன்.

அவன் கைப்பேசியை எடுத்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டான். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அவளுக்கு நிலைகொள்ளவில்லை. சமையலறைக்குப் போய், அலமாரிக்கு அடியில் போட்டிருந்த சாக்குக் குறியை விரலால் அழித்தாள். படுக்கை அறைக்குப் போனாள். கட்டில் பக்கத்தில் இருந்த ஒற்றைச் சதுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். நாலு நாப்பத்தெட்டு. ஐந்து மணிக்கு அந்தச் சூப்பர்வைசர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாலு நாள் கையில் இருந்ததைக் கோட்டை விட்டுவிட்டு, கடைசிப் பத்து நிமிஷத்தில் அல்லாடுகிறோமே என்று அவள் தன்னையே வைதுகொண்டாள். வேண்டும் என்று வாயால் சொன்ன பிறகு, அது கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதை அவள் யோசித்தே இருக்கவில்லை.

கூடத்தில் அவன் குரல் கேட்டது. செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், நான்தான் சார். அடுப்பு... ஆமா சார், முழிச்சுத்தான் இருக்கேன்." இடைவெளி. "பகல் ஷிஃப்ட் விஷயமா." நீண்ட இடைவெளி. "இல்ல சார், இன்னும் மணி அஞ்சு ஆகல." பிறகு ஒரு சிரிப்பு, அவனுடையதுதான். "வீட்டுல கேட்டுட்டேன் சார். ஆமா. எடுத்துக்கறேன். ஒண்ணாம் தேதியில இருந்தா? சரி சார்."

அவள் வெளியே வந்தபோது அவன் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். அவளுக்கும் தெரியவில்லை. கட்டிக்கொள்ளலாம் என்றால் கொத்தனார் மணல் குவியலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வாரம் ராத்திரிதான்" என்றான். "இன்னிக்கு அடுப்பு முன்னாடி தூங்கி விழப்போறேன். நீ எழுப்பின எழுப்புல."

"விழாதீங்க. சுட்டுடும்."

எலெக்ட்ரீஷியன் தொண்டையைக் கனைத்தார். "நல்ல சேதி. சந்தோஷம். ஆனா என் வேலை இன்னும் அப்படியே நிக்குது. கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ஸ்விட்ச்சு வச்சுடறேன், அதுல கேள்வியே வேண்டாம். கூடத்து லைட்டு எந்தச் சுவர்?"

"ஜன்னல் சுவர்" என்றான் அவன்.

"உள் சுவர்" என்றாள் அவள்.

"வெள்ளை."

"மஞ்சள்."

"கடவுளே" என்றார் எலெக்ட்ரீஷியன். "ரெண்டு சுவர்லயும் ஒவ்வொண்ணு வைக்கறேன். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள். ஸ்விட்ச்சும் தனித்தனி. அவங்கவங்க எடத்துல உக்காந்து அவங்கவங்க லைட்டைப் போட்டுக்கங்க. ஒருத்தரும் ஒருத்தரைக் கேக்க வேண்டாம். முடிஞ்சதா?"

"வேண்டாம்ணே" என்றாள் அவள்.

அவர் ஃபியூஸ் போகிற கட்டத்தில் இருந்தார். "என்ன வேண்டாம்?"

"ரெண்டு வேண்டாம். ஒண்ணு போதும். ஒரே லைட்டு, ஒரே ஸ்விட்ச்சு. யாராவது ஒருத்தர் எழுந்து போய்ப் போடட்டும்."

"யாரு எழுந்து போறது?" என்றான் அவள் கணவன்.

"அதைத்தான் பேசணும்."

"நான் நின்னுக்கிட்டே வேலை பாக்கறவன். வீட்டுல உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன்."

"நான் என்ன லேப்ல படுத்துக்கிட்டா ஊசி போடறேன்?"

"சரி, முதல்ல எந்தச் சுவர்னு சொல்லு. அதுலயே இன்னும் முடிவு இல்ல."

"முடிவு சொல்லிட்டேனே. உள் சுவர்."

"நீ சொன்னா அது முடிவா?"

மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. எலெக்ட்ரீஷியன் வெட்டும் மெஷினின் ஒயரைப் பிரித்து, மறுபடி சுருட்டி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். கொத்தனார் இன்னொரு டீக்குச் சொல்லி அனுப்பலாமா என்று சைகையால் கேட்டார். நாலு என்று அவர் விரலைக் காட்டினார். தெருவில் போன ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கூடத்தின் நடுவில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"ஜன்னல் பக்கம் மழை அடிக்கும், அதை யோசிச்சீங்களா?" என்றாள், அதே குரலில்.